தும்பியின் அளவில் ஒரு சிவப்பு சைக்கிள்

அளவெடுத்தது தும்பிக்கு. சைக்கிள் வந்ததோ பட்டுவுக்கு!

உலகத்தில் எத்தனையோ அநியாயங்கள் நடக்கின்றன. ஆனால் இதைவிடப் பெரிய அநியாயம் எங்குமே நடந்திருக்க முடியாது என்று தும்பி முடிவு கட்டிவிட்டாள். நடந்ததைக் கேட்டால் நீங்களும் அவள் பக்கம்தான் பேசுவீர்கள்.

பட்டு, தும்பியின் பெரியம்மா மகள். மாடியில் பட்டு வீடு, கீழே தும்பி வீடு. இருவருக்கும் பதினொரு வயது. பட்டு பதினொரு நாள் மூத்தவள். வெறும் பதினொரு நாள்! அதற்காகப் பெரியவர்கள் எதிரில் அவளை "அக்கா" என்று கூப்பிட வேண்டும். புத்தகப் பை வாங்கினால் முதலில் அவள்தான் நிறம் தேர்ந்தெடுப்பாள். காய்ச்சல்கூட அவளுக்குத்தான் முதலில் வரும். டாக்டர் அவளைக் கொஞ்சி முடித்துவிட்டுத்தான் தும்பி பக்கம் திரும்புவார்.

உயரத்தில் மட்டும் இருவரும் சரிசமம். மாடிப்படிச் சுவரில் பெரியம்மா வருடா வருடம் பென்சிலால் கோடு போடுவார். இரண்டு பேருக்கும் ஒரே கோடுதான் விழும்.

ஒரு சனிக்கிழமை, பெரியம்மா தும்பியை மட்டும் தனியாகக் கூப்பிட்டார்.

"என்கூட ஒரு இடத்துக்கு வா தும்பி. யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது. முக்கியமா பட்டுகிட்ட."

போன இடம் சைக்கிள் கடை! தும்பிக்குத் தலைகால் புரியவில்லை.

கடைக்காரர் ஒரு அக்கா. காதுக்குப் பின்னால் பென்சில், விரல் நகத்தில் கிரீஸ். அவர் எடுத்தவுடனே சைக்கிளைக் காட்டவில்லை. முதலில் தும்பியின் கால் நீளத்தை அளந்தார். பிறகு இடுப்பிலிருந்து தோள் வரை, தோளிலிருந்து உள்ளங்கை வரை. எல்லாவற்றையும் ஒரு அட்டையில் எழுதிக்கொண்டார். அதன்பின் சக்கரமே இல்லாத ஒரு சைக்கிளில் ஏற்றிவிட்டார். அதன் சீட்டையும் ஹேண்டில்பாரையும் முன்னே பின்னே நகர்த்தலாம்.

"மிதிச்சுக்கிட்டே ஏதாவது கதை சொல்லு பார்ப்போம்."

"என்ன கதை?"

"எதுவா இருந்தா என்ன? வசதியா உட்கார்ந்தவங்களுக்குத்தான் கதை வரும். உடம்பு வலிச்சா வாய் தானா மூடிக்கும்."

கணக்கு வாத்தியார் ஈரப் பெயிண்ட் அடித்த பெஞ்சில் உட்கார்ந்து எழுந்த கதையைத் தும்பி மூச்சுவிடாமல் சொன்னாள். கடைக்கார அக்கா சிரித்துக்கொண்டே திருகுகளை முடுக்கினார். பெரியம்மா அட்டையின் மேல் பேர் எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு சிவப்பு நிற ரோடு சைக்கிளைக் காட்டி, "இது நல்லாருக்கா?" என்று கேட்டார்.

மெலிந்த டயர். ஆட்டுக்கொம்பு மாதிரி கீழே வளைந்த ஹேண்டில்பார். தும்பி வேகமாகத் தலையை ஆட்டினாள்.

அன்றிலிருந்து ஒரு வாரம் அவள் கால் தரையில் படவில்லை. பட்டுவைப் பார்க்கும்போதெல்லாம், 'பாவம், இவளுக்குத் தெரியாது' என்று இரக்கப்பட்டாள்.

அடுத்த சனிக்கிழமை பட்டுவின் பிறந்தநாள். வாசலில் ரிப்பன் கட்டி நின்றது அந்தச் சிவப்பு சைக்கிள்.

"எப்படி என் திட்டம்?" என்று பெரியம்மா பெருமையாகச் சிரித்தார். "ரெண்டு பேரும் ஒரே உயரம்தானே! தும்பிக்கு அளவெடுத்தா பட்டுவுக்குச் சரியா இருக்கும். பட்டுவுக்கும் தெரியாது. ஆச்சரியத்துக்கு ஆச்சரியமும் ஆச்சு!"

பெரியம்மாவுக்கு மருந்துக்கடையில் வேலை. ஒரு மாத்திரையைக்கூட இரண்டு தடவை எண்ணாமல் யாருக்கும் கொடுக்க மாட்டார். அப்படிப்பட்டவர், தும்பி என்ன நினைத்திருப்பாள் என்பதை மட்டும் ஒரு தடவைகூட எண்ணிப் பார்க்கவில்லை.

"எப்படி இருக்குடி?" என்று பட்டு கேட்டாள்.

"ரொம்ப நல்லாருக்கு," என்றாள் தும்பி. அவள் முகம் விளக்கெண்ணெய் குடித்த முகமாக இருந்தது.

* * *

அதன்பின் தும்பிக்கு ஒரே வேலைதான். பட்டு சைக்கிள் ஓட்டுவதைப் பார்ப்பது, வயிறு எரிவது.

தும்பியின் அம்மா தையல்காரர். தைத்த துணிகளைக் கொண்டுபோய்க் கொடுக்க, முன்னால் கூடை வைத்த பழைய சைக்கிள் ஒன்று வீட்டில் இருந்தது. கனமோ கனம். மிதித்தால் பெடல் கிறீச்சிடும். சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்று தும்பி பாட்டுப் பாடிக்கொண்டே ஓட்டுவாள். சாயங்காலம் பட்டு கிளம்பினால் இவளும் கூடைச் சைக்கிளில் பின்னாலேயே போவாள்.

பொறாமைக் கண்ணுக்கு எதுவும் தப்பாது. இரண்டாவது தெரு திரும்பியதும் பட்டு இடது கையை உதறுவாள். பிறகு வலது கையை. தபால் ஆபீஸ் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து கழுத்தைத் தேய்ப்பாள். கல் பாவிய தெரு வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவாள். வளைந்த கைப்பிடியை அவள் பிடித்ததே இல்லை. எட்டி எட்டி, மேலே இருக்கும் கம்பியை விரல் நுனியால் பிடித்துக்கொள்வாள்.

'ஓட்டவே தெரியலை! இவளுக்கு இது ஒரு கேடா?' என்று தும்பி மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். சொன்னதும் கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

இரண்டு வாரம் போனது. நடுவில் தும்பியின் பிறந்தநாளும் வந்து போனது; அவளுக்குக் கிடைத்தது அம்மா தைத்த சட்டைதான். பட்டு சைக்கிளைத் தொடுவது குறைந்தது. ஒரு நாள் வீட்டுப்பாடம் என்றாள். ஒரு நாள் வயிற்றுவலி. ஒரு நாள் மழை வரும் போலிருக்கிறது என்றாள். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை.

பெரியம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. புதன்கிழமை மாடியிலிருந்து அவர் குரல் கீழே வரை கேட்டது.

"ஆசைப்பட்டுக் கேட்டியேன்னுதானே வாங்கிக் கொடுத்தேன்? இப்ப மாடிப்படிக்கு அடியில தூசி படிஞ்சு நிக்குது! ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். அதுக்குள்ள நீ ஓட்டலேன்னா தும்பிக்குக் கொடுத்துடுவேன்!"

கீழே பாடம் எழுதிக்கொண்டிருந்த தும்பியின் பேனா அப்படியே நின்றது.

தும்பிக்கு! சிவப்பு சைக்கிள்! இன்னும் நாலே நாள்!

அன்று சாயங்காலம் மெல்லப் போய்ப் பட்டுவிடம் கேட்டாள். "ஒரே ஒரு சுத்து ஓட்டிட்டுத் தரட்டுமா?"

"நூறு சுத்துகூட ஓட்டிக்கோ," என்றாள் பட்டு. அவள் குரலில் சுரத்தே இல்லை.

தும்பி ஏறி உட்கார்ந்தாள். கால் பெடலில் தானாகப் போய் நின்றது. கை நீட்டிய இடத்தில் கைப்பிடி இருந்தது. இரண்டு தெரு, நாலு தெரு, கல் பாவிய தெரு. எங்கேயும் கை மரக்கவில்லை. கழுத்து வலிக்கவில்லை. அம்மா அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி அவ்வளவு கச்சிதம்.

அளவெடுத்துத் தைத்த சட்டை...

தும்பி பிரேக்கைப் பிடித்தாள்.

பள்ளிச் சீருடை தைக்கும்போது அம்மா எப்போதும் சொல்வது ஞாபகம் வந்தது. "உயரம் ஒண்ணுதான். ஆனா தும்பிக்குச் சட்டைக் கையை இறக்கணும், பட்டுவுக்கு கால்சட்டையை இறக்கணும்." பட்டுவுக்குக் கால் நீளம், உடம்பும் கையும் குட்டை. தும்பிக்கோ நேர்மாறு.

பட்டுவுக்கு ஓட்டத் தெரியாமல் இல்லை. தும்பிக்காக அளந்த கைப்பிடி அவளுக்கு எட்டவில்லை. அவ்வளவுதான். இது உலகத்தில் தும்பி ஒருத்திக்குத்தான் தெரியும்.

அவள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை தானாக வந்துவிடும்.

தும்பி வாயைத் திறக்கவில்லை. வியாழக்கிழமையும் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை சைக்கிளை எங்கே நிறுத்தலாம் என்று வீட்டுக்குள் இடம் பார்த்தாள். ஜன்னலுக்குக் கீழே சரியாக இருக்கும். தையல் மிஷினை அரை அடி நகர்த்தினால் போதும்.

"என்னடி ஸ்கேலை வச்சு அளக்கறே?" என்று அம்மா கேட்டார்.

"சும்மாம்மா."

ராத்திரி மட்டும் சாப்பாட்டைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்துவிட்டாள்.

* * *

சனிக்கிழமை காலையில் பட்டுவே கீழே வந்தாள். கையில் அவளுடைய ஹெல்மெட், பூட்டு, சாவி.

"இந்தா," என்றாள்.

"எதுக்கு?"

"நாளைக்கு எப்படியும் உனக்குத்தானே வரப் போகுது? அம்மா கத்திட்டுக் கொடுக்கறதுக்கு முன்னாடி நானே கொடுத்துடறேன். உனக்குன்னா பரவாயில்லடி. வேற யாருக்காவதுன்னா அழுதிருப்பேன்."

சொல்லும்போதே அவள் கண் கலங்கியது.

"ஏன் ஓட்ட மாட்டேங்கறே?" என்று தும்பி தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"எனக்கு சைக்கிள் வராதுடி. பத்து நிமிஷத்துல கை மரத்துப் போகுது. கழுத்து வலி உயிர் போகுது. இங்க பாரு." பட்டு உள்ளங்கையைக் காட்டினாள். கட்டைவிரலுக்குக் கீழே சிவந்து கிடந்தது. "அம்மா எவ்வளவு ஆசையா வாங்கினாங்க! வலிக்குதுன்னு சொன்னா முகம் வாடிடும். நீ அந்தக் கூடை சைக்கிள்ல பாட்டுப் பாடிக்கிட்டு வருவே. எனக்கு அப்படியே வயித்தெரிச்சலா இருக்கும்."

தும்பி நிமிர்ந்தாள். "வயித்தெரிச்சலா? என் மேல உனக்கா?"

"பின்னே? உனக்கு எதுவுமே சுலபமா வருது."

தும்பி சாவியைப் பார்த்தாள். 'தாங்க்ஸ்' என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் முடிந்தது. அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தும்விட்டது.

"தப்பு உன்மேல இல்ல," என்றாள். அவளுக்கே அவள் குரல் புதிதாகக் கேட்டது. "அளவுமேல. அது என் அளவு பட்டு. என் கை நீளம். உன் கைக்கு எட்டாது. எனக்குப் புதன்கிழமையே தெரியும். நான்தான் சொல்லலை."

பட்டு அவளையே பார்த்தாள். "புதன்கிழமையேவா?"

"ஆமாம். போதும், முறைக்காதே. பெரியம்மாவைக் கூப்பிடு. கடைக்குப் போகலாம்."

* * *

மூவரும் சிவப்பு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைக்குள் நுழைந்ததும் கடைக்கார அக்கா தும்பியைப் பார்த்து முகம் மலர்ந்தார்.

"வா பட்டு! சைக்கிள் எப்படி ஓடுது?"

"நான் பட்டு இல்ல, தும்பி. அவதான் பட்டு," என்றாள் தும்பி.

அக்கா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பெரியம்மாவைப் பார்த்தார். பெரியம்மா கூரையைப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் ஒரே உயரம்னுதான்..." என்று இழுத்தார் பெரியம்மா.

"ஏங்க, ஒருத்தருக்கு எழுதின மருந்தை, அதே உயரம்னு இன்னொருத்தருக்குக் கொடுப்பீங்களா?"

"ஐயோ, கொடுக்க மாட்டேன்!" என்று பதறிய பெரியம்மா, சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அக்கா பட்டுவிடம் திரும்பினார். "உனக்கு எங்கே கஷ்டமா இருக்கு?"

அம்மா பக்கத்தில் நிற்கிறாரே! பட்டு மென்று விழுங்கினாள். "அப்படி ஒண்ணும் இல்லக்கா..."

தும்பி குறுக்கே புகுந்தாள். "ரெண்டாவது தெருவுல இடது கையை உதறுவா. அப்புறம் வலது கை. தபால் ஆபீஸ் வந்தா கழுத்தைத் தேய்ப்பா. கல்லுத் தெருவுல இறங்கிடுவா. வளைவை ஒரு தடவைகூடப் பிடிச்சதில்லை. சீட்டோட நுனியில வந்து உட்காருவா, அப்பவும் கை எட்டாது."

அக்கா காதிலிருந்து பென்சிலை எடுக்கக்கூட மறந்து நின்றார்.

"இவ்வளவு உன்னிப்பா பார்க்க யார் சொல்லிக் கொடுத்தாங்க?"

மறைத்துப் பயனில்லை என்று தும்பிக்குத் தோன்றியது.

"யாரும் சொல்லிக் கொடுக்கலைக்கா. பொறாமைதான்."

பெரியம்மாவின் முகம் மாறியது. அவர் தும்பியின் அருகே வந்து குனிந்தார்.

"அன்னைக்கு உனக்குன்னு நினைச்சுட்டியாடா?"

தும்பி 'ஆமாம்' என்று தலையசைத்தாள். மூக்கு சிவந்தது.

"நான் ஒரு மடச்சி," என்றார் பெரியம்மா. "உன்னை ஏத்தி உட்கார வச்சு, ஆசை காட்டி, அப்படியே விட்டுட்டேன். என்மேலதான் தப்பு. மன்னிச்சுக்கடா."

பெரியவர் ஒருவர் தன்னிடம் மன்னிப்புக் கேட்டது தும்பிக்கு அதுதான் முதல் முறை. என்ன செய்வதென்று தெரியாமல் அவள் பக்கத்திலிருந்த சைக்கிளின் மணியை அடித்துவிட்டாள். டிரிங்!

பிறகு வேலை மளமளவென்று நடந்தது. அக்கா சிவப்பு சைக்கிளின் சீட்டை முன்னால் தள்ளிப் பார்த்தார். ஹேண்டில்பாரைத் தாங்கும் துண்டைக் கழற்றிவிட்டுக் குட்டையான துண்டைப் பொருத்தினார். பட்டு ஏறினாள். அப்போதும் அவள் தோள் காது வரை தூக்கிக்கொண்டு நின்றது.

"இதுக்கு மேல கைப்பிடியைக் கிட்ட கொண்டுவர முடியாது. ஃபிரேமே நீளம். நான் அளந்தது தப்பாயிட்டா மாத்திக் கொடுக்கறது என் கடை வழக்கம்," என்றார் அக்கா. "அளந்தது சரிதான், ஆள்தான் தப்பு. ஆனாலும் மாத்திக் கொடுக்கறேன்."

பட்டுவைச் சரியாக அளந்தார். மூன்று சைக்கிள்களை வெளியே எடுத்து வைத்தார். கறுப்பு, நீலம், கடைசியாக மங்கிய பச்சை.

பட்டுவின் கண் கறுப்பின் மேல் போனது. மூன்றிலும் மெலிசு அதுதான். பந்தயக்காரர்கள் ஓட்டுவது மாதிரி இருந்தது. பச்சையில் கைப்பிடி உயரமாக இருந்தது. டயரும் கொஞ்சம் குண்டு.

"அது பார்க்க ஒரு மாதிரி இருக்கே," என்று பட்டு முணுமுணுத்தாள்.

"பார்க்கறவங்க ஓட்டப் போறதில்லையே. நீதானே ஓட்டப் போறே?" என்றார் அக்கா. "கடையைச் சுத்தி ஒரு சுத்து. வலிக்குதான்னு நான் கேட்க மாட்டேன். கேட்டா எல்லாரும் இல்லைம்பாங்க. தும்பி, நீ பார்த்துச் சொல்லு."

கறுப்பில் போனாள். தும்பி பின்னாலேயே ஓடினாள். "கழுத்தைத் தேய்ச்சா!" என்று வந்து சொன்னாள்.

நீலத்தில் போனாள். "கை பரவாயில்ல. ஆனா மேடு பள்ளம் வந்தப்ப பல்லைக் கடிச்சா!"

பச்சையில் போனாள்.

போனவள் திரும்பி வரவே இல்லை.

பெரியம்மாவுக்குக் கவலை வந்துவிட்டது. "எங்கே போய்ட்டா இவ?"

"அதோ!" என்று தும்பி கைகாட்டினாள். பட்டு கடையைத் தாண்டிப் பறந்தாள். நிற்கவில்லை. வளைந்த கைப்பிடியைப் பிடித்திருந்தாள். மூன்றாவது சுற்றில் அவள் ஏதோ பாடுவது கேட்டது. சுருதி படுமோசம்.

"இனிமே எதையும் கேட்க வேண்டியதில்லை," என்று அக்கா பில் போடப் பேனாவை எடுத்தார்.

சிவப்பு சைக்கிள் திரும்பவும் கடையின் கொக்கியில் ஏறியது. நாளை மறுநாளே யாராவது கை நீளமானவர்கள் வந்து வாங்கிக்கொண்டு போவார்கள். தும்பி அந்தப் பக்கம் பார்க்காமல் நின்றாள்.

கடைக்கார அக்கா பழைய அட்டையைத் தேடி எடுத்தார். அதில் 'பட்டு' என்று இருந்ததை அடித்துவிட்டு 'தும்பி' என்று எழுதினார்.

"இதை நான் பத்திரமா வச்சிருப்பேன். நீ எப்ப வந்தாலும் உன் அளவு இங்கேதான் இருக்கும். ஆனா சீக்கிரம் வா, வளர்ந்துடப் போறே!"

* * *

ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் ஆற்றுப் பாலத்துக்குக் கிளம்பினார்கள். போக ஆறு கிலோமீட்டர், வர ஆறு. பட்டு பச்சை சைக்கிளில், தும்பி கூடைச் சைக்கிளில்.

கல் பாவிய தெருவில் பட்டு இறங்கவில்லை. அவள் வேகத்துக்கு ஈடுகொடுக்கத் தும்பி நாக்குத் தள்ள மிதித்தாள். பொறாமை தீர்ந்துபோய்விட்டதா என்றால், அதுதான் இல்லை. பச்சை சைக்கிளின் கியர் 'டிக்' என்று மாறும்போதெல்லாம் இவளுக்கு உள்ளே ஒரு 'டிக்' கேட்டது.

மேட்டில் ஏறி முடித்ததும் பட்டு வேகத்தைக் குறைத்துப் பக்கத்தில் வந்தாள்.

"ஒண்ணு கேட்கட்டுமா? நீ பேசாம இருந்திருந்தா அந்தச் சிவப்பு சைக்கிள் இன்னைக்கு உன்னோடது."

"தெரியும்," என்றாள் தும்பி மூச்சு வாங்கிக்கொண்டே.

"அப்புறம் ஏன்டி சொன்னே?"

தும்பி இரண்டு மிதி மிதித்துவிட்டுச் சொன்னாள்.

"அதை வச்சுக்கிட்டு நான் யார்கிட்டடி பெருமை அடிச்சுக்கறது? எனக்கு இருக்கறது நீ ஒருத்தி. நீயும் வலிக்குதுன்னு வீட்டுல உட்கார்ந்துட்டா?"

பட்டு சிரித்த சிரிப்பில் பச்சை சைக்கிள் வளைந்து நெளிந்து ஓடியது. "நேரா பார்த்து ஓட்டுடி!" என்று கத்திக்கொண்டே தும்பி அவளை முந்திப் போனாள்.